பிரெஞ்சுப் படமும் உட்காரும் பயிற்சியும்

நவீன பிரெஞ்சு சண்டைப் படம் ஒன்றைப் பார்க்கத் தகுந்ததாக ஆக்குவது எது என்ற கேள்விக்கு, விருதுநகர் மாவட்டத்தில் அதிகாரபூர்வமான விடை ஒன்று உண்டு. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருக்கிற விடை. பிரான்ஸ் நாட்டிலேயே அப்படி ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை, கண்டுபிடிக்கும்போது கூடவே இருந்தவன் என்ற முறையில், பொதுமக்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமையாகிறது.

திருத்தங்கலுக்குக் கிழக்கே கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். லோடு ஏற்றும்போது கூட நின்று கத்துவதற்கும், முதலாளி கத்தும்போது எதிரே நின்று கேட்பதற்கும் ஒரு ஆள் வேண்டும். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். தரைச்சக்கரமும் புஸ்வாணமும் செய்வோம். தீபாவளிக்கு முந்திய சீசனில் ஓடுகிற ஓட்டம்தான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

2007 ஆவணியில், சீசன் சூடுபிடித்த நேரத்தில், தொழிற்பாதுகாப்பு விழிப்புணர்வுச் சிறப்பு அலுவலர் திரு. இராமகிருஷ்ணன் ஆய்வுக்கு வந்தார். அவருக்காக அந்தப் பதவியை உண்டாக்கினார்களா, பதவிக்காக அவரை உண்டாக்கினார்களா என்பதில் இரு கருத்து உண்டு. மனிதர் அப்போதுதான் வடக்கே எங்கோ நடந்த 'உலக சினிமாவை ரசிப்பது எப்படி' என்ற முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தார். ரசிக்கக் கற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தார். எங்கள் ஊர் வெயிலில் நாய்கூட நாக்கை உள்ளே வைத்திருக்காது. அவரைப் பார்த்ததும் புஸ்வாணம் அடைக்கிற இருளம்மாள் பதறிப்போய், "தொண்டைக்கு என்ன செய்யுது சார்? மிளகைத் தட்டிப் பால்ல போட்டுக் குடிங்க, கேட்டுரும்" என்றாள்.

ஆய்வில் அவருக்குப் பெரிய சங்கடம் ஏற்பட்டது. எல்லாம் சரியாக இருந்தது. மணல் வாளியில் மணல் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருந்தது. கதவுகள் வெளிப்பக்கம் திறந்தன. ஒவ்வொரு அறையிலும் இருக்க வேண்டிய ஆட்கள்தான் இருந்தார்கள். வந்த அதிகாரி வெறுங்கையோடு திரும்புவது அவர் வகிக்கும் பதவிக்கு மரியாதை இல்லை அல்லவா. கடைசியில், எங்கள் முதலாளி தங்கப்பாண்டியனை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார்.

"தொழிலாளர்களுக்குப் படம் காட்டியிருக்கீங்களா?"

"என்ன படம் சார்?"

"வெடிவிபத்துக் காட்சிகள் இடம்பெற்ற, பார்க்கத் தகுந்த திரைப்படம் ஒன்று தொழிலாளர் அனைவருக்கும் முழுமையாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். சுற்றறிக்கை வந்து நாளாச்சே."

"அரசாங்கமே ஒரு படம் எடுத்திருக்காகளாமே. பக்கத்துக் கம்பெனியில எல்லாம் போன வருசமே போட்டுட்டாக. அதைக் குடுங்க சார், நாளைக்கே காட்டிருவோம்."

"அந்தப் படம் என்கிட்ட இருக்கு. பார்த்தேன். அது பார்க்கத் தகுந்த படம் இல்லை."

"அதுல என்ன சார் குறை?"

"மணல் வாளியைக் காட்டறான். அப்புறமும் மணல் வாளியைக் காட்டறான். பின்னாடி ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்கார். மனுஷ வாழ்க்கையோட வெறுமையைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மணல் வாளியைப் பார்த்தேன். அன்று சாயந்திரமே கம்பெனிக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். படத்தை முழுமையாகப் பார்த்ததற்கான சான்றிதழ் அத்தனை பேருக்கும் கிடைத்த பிறகே அரக்கு உடைக்கப்படும் என்று உத்தரவு.

மறுநாள் காலையில் பாண்டிச்செல்வி என் வீட்டு வாசலில் நின்றாள். தரைச்சக்கரம் சுற்றுவதில் எங்கள் கம்பெனியில் அவளுக்கு மிஞ்சி ஆள் இல்லை. புருஷன் இல்லாதவள். மகள் ஓவியாவை அந்த வருஷம்தான் மதுரையில் நர்சிங் சேர்த்திருந்தாள்.

"கம்பெனி எப்ப அண்ணாச்சி தெறக்கும்?" என்றாள்.

"படம் பாத்ததும் தெறந்துருவாக."

"அம்புட்டுத்தானா? படம்தானே, பாத்துருவோம். தெறக்கலைன்னா ஓவியாவ நிப்பாட்டிட்டுச் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டத்தான் அனுப்பணும். அதைப் பண்ணிருவேனோன்னுதான் பயமாயிருக்கு."

பயம் எனக்கும்தான். ஆனால் மேனேஜர் என்பதால், "ஒண்ணும் ஆகாது, போ" என்று சொல்லி அனுப்பினேன்.

படம் எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இராமகிருஷ்ணன் தாமே ஏற்றுக்கொண்டார். முகாமிலிருந்து ஒரு பிரெஞ்சு சண்டைப் படத்தின் டிவிடி வாங்கி வந்திருந்தார். அதன் பெயரை அவர் மூக்கால் சொல்வார், எங்களுக்கு வாயில் நுழையவில்லை. அதில் வெடி இருந்தது, ஆகவே விதியின் முதல் பாதி நிறைவேறியது. பார்க்கத் தகுந்தது என்று அவரே சான்று கொடுத்தார், ஆகவே இரண்டாம் பாதியும் நிறைவேறியது.

திருத்தங்கல் கல்யாண மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டினார்கள். படம் பிரெஞ்சில் பேசும், அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடும். அதைப் படித்துத் தமிழில் சொல்ல, இராமகிருஷ்ணனின் குமாஸ்தா தனுஷ்கோடியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். தனுஷ்கோடி முப்பது வருஷமாக ஆபீஸ் கடிதம் தவிர வேறு எதையும் எழுதியவரல்ல. வீட்டில் குழம்புக்கு உப்புப் போதவில்லை என்றால்கூட 'மேற்படி குழம்பு' என்றுதான் ஆரம்பிப்பார் என்று கேள்வி.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களுடைய பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெடிச்சத்தம் கேட்டால் ஓடுவார்கள். கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டு, வாசலைப் பார்த்து ஓடுவார்கள். கத்தமாட்டார்கள், முட்டிக்கொள்ள மாட்டார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செருப்பு, தூக்குச்சட்டி எதையும் எடுக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இதைத்தான் முதலில் பழக்குவோம். பாண்டிச்செல்வியின் அக்கா வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தவள். ஒருநாள் ஓடி வெளியே வந்தவள், மறந்துவிட்ட தூக்குச்சட்டிக்காக உள்ளே திரும்பினாள். அதன் பிறகு பாண்டிச்செல்வி மாதிரி ஓடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் கம்பெனியில் இதுவரை ஒரு உயிர் போனதில்லை என்றால் அதற்கு இந்த ஓட்டம்தான் காரணம். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

விளக்கை அணைத்தார்கள். படம் ஆரம்பித்தது. தாடி வைத்த ஒரு மனிதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு தெருவில் நடந்தான். கடையில் நீள ரொட்டி ஒன்று வாங்கினான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். எதிரே நின்ற கார் வெடித்தது.

மண்டபம் காலி. செருப்புகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்து படம் பார்த்தன. வெளியே போன எங்கள் ஆட்கள் காற்று வரும் பக்கமாகப் போய் நின்று, வழக்கப்படி, "எந்தக் கம்பெனிலே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இராமகிருஷ்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். "ஏன் எல்லாரும் எழுந்து வந்துட்டீங்க?"

"வெடிச்சிருச்சே சார்" என்றான் திரி வெட்டுகிற நாகையா.

"அது சினிமாய்யா."

"சினிமான்னு எனக்குத் தெரியும் சார். காலுக்குத் தெரியலையே."

படத்தை முழுமையாகப் பார்க்கவில்லை என்பதால் ஒருவருக்கும் சான்றிதழ் தரப்படவில்லை.

அடுத்த காட்சிக்கு முன்னால் விளக்கவுரை நடந்தது. புரியாததால்தான் ஓடுகிறார்கள், புரிந்தால் ரசிப்பார்கள் என்பது இராமகிருஷ்ணனின் கணிப்பு. "நம்ம ஊர்ப் படத்துல கதாநாயகன் அடிச்சா இருபது பேர் பறப்பான். பிரெஞ்சுக் கதாநாயகன் அடிச்சா அவனுக்கே கை வலிக்கும். அவன் களைச்சுப் போனவன். பாட்டு கிடையாது. சிரிப்பு நடிகர் கிடையாது. ரெண்டு மணி நேரம்கூட ஓடாது. யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு கடைசி வரைக்கும் தெளிவாத் தெரியாது. இதெல்லாம்தான் அந்தப் படத்தைப் பார்க்கத் தகுந்ததா ஆக்குது. எல்லாத்துக்கும் மேல, அங்கே கம்ப்யூட்டர் வேலை கிடையாது. காரைக் காட்டினா நிஜக் கார். வெடியைக் காட்டினா நிஜ வெடி."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு.

"நெசமாவே வெடிக்கிறாகளா சார்?" என்றாள் இருளம்மாள்.

"நிஜமாவே."

இதைக் கேட்ட பிறகு அவர்களை உட்காரவைக்க நினைத்தது யாருடைய குற்றம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த முறை கார் வெடிக்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை. தாடிக்காரன் ரொட்டி வாங்கியதுமே எழுந்துவிட்டார்கள். ரொட்டி வாங்கினால் அடுத்தது வெடி என்று ஒரே காட்சியில் பிடித்துக்கொண்டார்கள். இராமகிருஷ்ணனுக்கு அதில் மட்டும் ஒரு சந்தோஷம். "பாருங்க, ரொட்டியை ஒரு குறியீடாகப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்று தனுஷ்கோடியிடம் சொன்னார். தனுஷ்கோடி அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் போட்டார்கள். சத்தம் இல்லாவிட்டால் ஓடமாட்டார்கள் என்று கணக்கு. சத்தம் வராது என்று சொல்லியிருந்ததால் ரொட்டிக்கு எழாதவர்கள், திரையில் வெளிச்சம் பளிச்சென்று வந்ததும் ஓடிவிட்டார்கள். "வெளிச்சம்தானே சார் முன்னால வரும்? சத்தம் கேக்குற மட்டும் உக்காந்திருந்தா, கேக்கக் காது இருக்காதுல்ல" என்றான் நாகையா.

இதற்குள் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துக் கம்பெனி லாரிகள் லோடு ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போயின. வடநாட்டு ஆர்டர்காரர்கள் போன் போட்டு, "மால் வருமா வராதா?" என்று கேட்டார்கள். ஒரு பிரெஞ்சுக்காரன் ரொட்டி வாங்குகிற இடத்தைத் தாண்டமாட்டேன் என்கிறான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? முதலாளி தங்கப்பாண்டியன், "மிசின் கோளாறு" என்று சொல்லிவைத்தார்.

நான்காவது முயற்சியாக, சிவகாசியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற கடையில் கொடுத்து, படத்திலிருந்து வெடி, துப்பாக்கி, கார் மோதல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் படம் எங்கள் ஆட்களுக்கு உயிராகிவிட்டது. வெடி இல்லை என்று தெரிந்ததால் ரொட்டி வாங்கியபோதுகூட ஒருவரும் எழவில்லை.

கதை இதுதான். தாடிக்காரன் பழைய போலீஸ்காரன். அவன் தம்பியைச் செய்யாத கொலைக்கு உள்ளே தள்ளிவிட்டார்கள். தள்ளியவர் போலீசில் பெரிய அதிகாரி. தம்பியை மீட்கத் தாடிக்காரன் அலைகிறான். இடையில் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறான். காப்பி குடிக்கிறான். விட்டுப்போன மனைவிக்குப் போன் போட்டுப் பேசாமல் வைக்கிறான். ஒரு இடத்தில் அவன் அதிகாரியை நேருக்கு நேர் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மிரட்டுவான். தனுஷ்கோடி மைக்கில் சொன்னார்:

"தங்களது செயல் மிகவும் வருந்தத்தக்கது. எனது தம்பி உரிய காலத்தில் விடுவிக்கப்படாத பட்சத்தில், தாங்கள் கொல்லப்படுவீர்கள் என்பது அன்புடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

அதிகாரி சிகரெட்டை அணைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பார்வையில் காணும் தங்கள் மிரட்டல் கிடைக்கப்பெற்றது. அது பரிசீலனையில் உள்ளது."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. எங்கள் ஜனங்களுக்குப் படத்தில் எல்லாமே புரிந்தது. அலுவலகத்துக்கு அலைகிறவன் எந்த நாட்டில் இருந்தாலும் அப்படித்தான் முகத்தை வைத்திருப்பான் என்றார்கள். இருளம்மாளுக்கு ஒரே கவலை. "அந்த மனுசன் காப்பியவே குடிச்சுக்கிட்டு அலையிறாரு. வாங்குன ரொட்டியக் கடைசி வரைக்கும் திங்கவே இல்லை. ஒரு வா சோறு போட ஆளு இல்லையே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாண்டிச்செல்வி, "அந்தப் பெரிய அதிகாரி முகத்தை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றாள். எல்லோரும் இராமகிருஷ்ணனைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

அன்று சான்றிதழ் கிடைத்துவிடும் என்று நம்பி முதலாளி லட்டு வாங்கி வைத்திருந்தார். இராமகிருஷ்ணன் தலையை ஆட்டினார். "வெடிவிபத்துக் காட்சிகள் இடம்பெற்ற படம்னு விதி சொல்லுது. இதுல வெடிவிபத்தே இல்லையே. இது செல்லாது."

"நீங்கதானே சார் வெட்டச் சொன்னீக?" என்றார் முதலாளி.

"வெட்டச் சொன்னது ரசனை அடிப்படையில். செல்லாதுன்னு சொல்றது விதி அடிப்படையில். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தை மாற்ற முடியாது, விதியையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதாக மிச்சம் இருப்பது ஜனங்கள் மட்டும்தான். ஆகவே 'திரைப்படம் பார்ப்போர்க்கான அமர்தல் பயிற்சி' என்று ஒன்றைத் தொடங்கினார். மண்டபத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்கார வேண்டியது. வெளியே முற்றத்தில் நாகையாவின் மச்சான் அணுகுண்டு வெடி ஒவ்வொன்றாக வைப்பான். வெடித்தும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு லட்டு. எழுந்தவர்களுக்கு லட்டு இல்லை. ஓடியவர்கள் பெயரை மைக்கில் படிப்பார் தனுஷ்கோடி. "கீழ்க்கண்ட நபர்கள் தேவையின்றி உயிர் பிழைக்க முயன்றமை கவனத்துக்கு வந்துள்ளது" என்றுதான் ஆரம்பிப்பார்.

முதல் நாள் லட்டு அத்தனையும் மீந்துபோனது. மறுநாள் சில ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் பெண்களும் உட்கார்ந்தார்கள். நாகையா உட்கார்ந்ததோடு நிற்காமல் கால்மேல் கால் போட்டான். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் வரிசைகளுக்கு நடுவே நடந்து, "அப்படித்தான், அப்படித்தான், அசையாத" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். முன்பு இதே ஆட்களிடம் "ஓடு, ஓடு" என்று கத்தியவனும் நான்தான். மேனேஜர் வேலையில் கத்துவது முக்கியம், என்ன கத்துகிறோம் என்பது மேலிடத்து விஷயம்.

பாண்டிச்செல்வி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தாள். வெடி வெடித்ததும் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவள் நாற்காலி காலியாக இருக்கும்.

"உன் ஒருத்தியால கம்பெனி மூடிக் கெடக்குது" என்று எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் என்ன செய்ய? காலு எந்திரிச்சுப் போகுது, நானும் கூடப் போறேன்" என்று அழுதாள்.

"ஓவியாவ நெனச்சுக்கோ" என்றாள் இருளம்மாள். "காலு எந்திரிச்சா அவ படிப்பும் எந்திரிச்சுப் போயிரும்னு நெனச்சுக்கோ."

அதை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மகள் பெயரை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெடித்தது. அவள் உடம்பு மொத்தமும் ஒரு தூக்குத் தூக்கி, பிறகு அடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஏனோ அப்போது தட்டக் கை வரவில்லை. ஆனாலும் லட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த வாரமே முழுப்படமும் போட்டார்கள். தாடிக்காரன் ரொட்டி வாங்கினான். கார் வெடித்தது. பிறகு ஒரு பெட்ரோல் கிடங்கு, ஒரு படகு, ஒரு பாலம், கடைசியில் அதிகாரியின் வீடு என்று எல்லாம் வெடித்தன. எங்கள் ஆட்கள் சுவரில் மாட்டிய படங்கள் மாதிரி இருந்தார்கள். விளக்குப் போட்டதும் இராமகிருஷ்ணன் மேடையேறிப் பேசினார். நவீன பிரெஞ்சு சண்டைப் படத்தைப் பார்க்கத் தகுந்ததாக ஆக்குவது எது என்பதற்கு உலகமே விடை தேடுகிறது, நம் மாவட்டம் கண்டுபிடித்துவிட்டது என்றார். பிறகு அந்த விடையைத் தனுஷ்கோடி வாசித்தார்: "பார்ப்பவர்கள் எழுந்து போகாத படம் பார்க்கத் தகுந்த படமாகும். எழுந்து போகாதபடி பார்ப்பவர்களைத் தயார் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பாகும்." இதைத்தான் முத்திரை குத்திப் பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

ஆளுக்கொரு சான்றிதழ், கூட உட்கார்ந்து பார்த்த இராமகிருஷ்ணனுக்கும் சேர்த்து. அதில் அடியில் ஒரு வரி: வெடிச்சத்தத்தின்போது இருக்கையை விட்டு எழுந்தால் இச்சான்றிதழ் தானாகவே ரத்தாகும்.

புரட்டாசி பிறந்த கையோடு கம்பெனி திறந்தது. அரக்கை உடைக்க, தனுஷ்கோடியை அழைத்துக்கொண்டு இராமகிருஷ்ணனே வந்தார், அதே கம்பளித் துண்டோடு. வேலை மும்முரமாக ஆரம்பித்தது. பதினோரு மணி வெயிலில், களத்தில் காயவைத்திருந்த தரைச்சக்கரத் தட்டு ஒன்றில் எப்படியோ பொறி பட்டது. தட்டு முழுக்கச் சீறிக்கொண்டு எரிந்து, படபடவென்று வெடித்துச் சக்கரங்கள் நாலாபக்கமும் பறந்தன.

ஒருவர் ஓடினார். துண்டு பின்னால் பறக்க, செருப்பை உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கருவேலங்காடு வரைக்கும் மிக முறையாக ஓடினார். அவர் இராமகிருஷ்ணன்.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாகையா கால்மேல் கால் போட்டிருந்தான். ஒரு சக்கரம் இருளம்மாளின் காலடி வரைக்கும் வந்து சுற்றி அணைந்தது. அவள் அதை ரசித்துப் பார்த்தாள். நல்லவேளை, அந்தத் தட்டோடு தீ நின்றது. பக்கத்துத் தட்டுக்குப் போயிருந்தால் நான் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது.

முள் கிழித்த சட்டையோடு இராமகிருஷ்ணன் திரும்பி வந்தார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன்யா ஒருத்தரும் ஓடலை? உங்களுக்கெல்லாம் அறிவில்லையா?"

"சான்றிதழ் ரத்தாயிரும்ல சார்" என்றான் நாகையா. "நீங்க எந்திரிச்சிட்டீக. உங்களுதுதான் போச்சு."

அவர் தனுஷ்கோடியைப் பார்த்தார். தனுஷ்கோடி விதியைப் பார்த்தார். சொன்னது சரிதான்.

அன்று வேலை முடிந்ததும் பாண்டிச்செல்வி போகாமல் கேட்டில் நின்றாள்.

"அண்ணாச்சி, காலையில எனக்கு எந்திரிக்கவே தோணலை. பயமே வரலை. அடுத்து அந்தத் தாடிக்காரன் வருவான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க அக்கா நெனப்புக்கூட வரலை. எனக்கு இன்னும் ஓட வருதான்னு பாக்கணும், ஒரு வெடியப் போடுங்க."

கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், ஒரு அணுகுண்டைப் பற்றவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து கல்லில் உட்கார்ந்தேன். திரி எரிந்தது. வெடித்தது. அவள் அசையவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "போ, போ" என்று அவற்றைக் கையால் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான், வெடி வெடித்தபோது நானும் எழவில்லை என்பது உறைத்தது.

மறுநாளே முதலாளியை அழைத்துக்கொண்டு இராமகிருஷ்ணனிடம் ஓடினேன். எங்கள் ஆட்களுக்கு மறுபடியும் ஓடப் பழக்க வேண்டும், அதற்கு உடனே அனுமதி வேண்டும் என்று கெஞ்சினோம். முட்காயத்தில் மருந்து போட்டிருந்த அவர் எங்களைவிட ஆர்வமாக இருந்தார். "கட்டாயம். அவசரம். நானே நேர்ல பார்த்தேனே" என்றார். ஓட்டத்தை மையமாகக் கொண்ட வேறொரு பிரெஞ்சுப் படம் தம்மிடம் இருப்பதாகவும், அது முன்னதைவிடப் பார்க்கத் தகுந்தது என்றும் சொன்னார்.

அடுத்த வாரமே மண்டபத்தில் அதைப் போட்டார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் கதாநாயகன் ஓடுகிறான். கூரைமேல் ஓடுகிறான், படிக்கட்டில் ஓடுகிறான், ரயிலுக்கு முன்னால் ஓடுகிறான். ஓடினால்தான் பிழைப்பான் என்பது குழந்தைக்கும் விளங்கும். அருமையான படம். சான்றிதழ் முழுமையாக அமர்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் என்று தனுஷ்கோடி முதலிலேயே அறிவித்துவிட்டதால், நாங்கள் ஒருவரும் எழவில்லை.